கோத்தகிரியிலிருந்து கடல் ஆய்வுக்கு: ஒரு தந்தையின் கேள்விகளுக்குப் பதில்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் படிக்கும் தங்கள் மகள் கடல் ஆராய்ச்சிக்குச் செல்ல விரும்புவதாகவும், பச்சைத் தேயிலை வருமானத்தை நம்பி வாழும் மலைக் குடும்பத்துக்கு அந்தப் படிப்பு ஒத்துவருமா என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். உதகையிலும் குன்னூரிலும் 'மரைன்' படிப்பு என்று துண்டறிக்கை கொடுப்பவர்கள் பெரும்பாலும் சொல்வது வணிகக் கப்பலில் வேலைக்குப் போகும் படிப்பை. தங்கள் மகள் கேட்பது அதுவன்று. கடல்நீரையும், அதன் ஓட்டத்தையும், கரையோர உயிர்களையும் ஆராயும் அறிவியல். இரண்டுக்கும் கல்லூரி வேறு, செலவு வேறு, வாழ்க்கையும் வேறு.

பட்டப்படிப்பிலேயே 'கடல் உயிரியல்' என்ற பெயரைத் தேடி அலைய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. உதகை அரசு கலைக் கல்லூரியிலோ கோவையிலோ விலங்கியல், வேதியியல், இயற்பியல் ஆகியவற்றில் ஒன்றை ஆழமாகப் படித்துவிட்டு முதுநிலையில் கடலுக்குத் திரும்புவது நல்லது. நீரோட்டம், அலை, வெப்பநிலை ஆகியவற்றை ஆராயும் பிரிவுக்கு இயற்பியலும் கணிதமும் வேண்டும். அலையாத்திக் காடு, கடற்புல், பவளப்பாறை ஆகியவற்றை ஆராயும் கரையோரச் சூழலியலுக்கு உயிரியலும் புள்ளியியலும் வேண்டும். மகளிடம் இப்போது இரண்டுக்குமான பாடங்கள் இருக்கின்றன. கல்லூரியில் கணிதத்தை முற்றிலும் கைவிட்டால் முதல் கதவு ஏறக்குறைய மூடிவிடும். மூன்றாண்டுகளுக்குப் பின் மனம் மாறினாலும் அடிப்படை அறிவியல் பட்டம் வீணாகாது என்பது தங்களைப் போன்ற பெற்றோருக்கு ஓர் ஆறுதல்.

முதுநிலைக்கு வெளிமாநிலம் செல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. வெள்ளாற்று முகத்துவாரத்தில் பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும், தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையும் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. பிச்சாவரத்தின் அலையாத்திக் காடு பரங்கிப்பேட்டைக்கு அருகிலேயே இருப்பதால், அங்கே படிப்பவர்களுக்குக் களம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. கொச்சிப் பல்கலைக்கழகத்தையும் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம்.

வேலை எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு வருகிறேன். படகில் சென்று வலையால் மிதவையுயிரிகளைச் சேகரிப்பதும், இடுப்பளவு சேற்றில் நின்று அலையாத்தி நாற்றுகளை எண்ணுவதும் சில நாட்கள்தான். அதன்பின் நுண்ணோக்கியின் முன்னும் கணினியின் முன்னும் கழியும் மாதங்களே அதிகம். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறியதால் பவளங்கள் நிறமிழந்து வெளுத்ததை நாம் அறிவது, யாரோ சிலர் ஆண்டுதோறும் அதே இடங்களுக்குப் போய் அளந்து எழுதிவைத்ததால்தான். அந்தப் பொறுமை தங்கள் மகளுக்கு இருக்கிறதா என்பதை என்னைவிடத் தாங்களே நன்கு அறிவீர்கள். மலையில் பிறந்தது ஒரு குறையன்று. கோத்தகிரிச் சரிவில் பெய்யும் மழை பவானியில் இறங்கிக் காவிரி வழியே வங்கக் கடலை நோக்கிச் செல்கிறது. அது அடித்துச் செல்லும் வண்டல் அணையில் தங்கிவிட்டால், டெல்டாக் கரைக்கு வந்துசேரும் மண் குறைகிறது. இந்தத் தொடர்பைச் சிறுவயதிலிருந்தே கண்ணால் கண்டவர் கரையோர ஆய்வுக்குப் பொருத்தமானவரே.

பெண் பிள்ளையைக் கடலுக்கு அனுப்புவதா என்று தங்கள் துணைவியார் தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் பெண் விஞ்ஞானி அதிதி பந்த் 1983-இல் புறப்பட்ட பயணத்தில் அண்டார்டிகாவுக்கே சென்றுவந்தார். ஆனால் நீச்சல் தெரியாமல் இந்தத் துறைக்குப் போகக் கூடாது. அதை இந்தக் கோடை விடுமுறையிலேயே கற்றுக்கொள்ளட்டும்.

பணத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். முதுநிலை முடிய ஐந்தாண்டுகள், முனைவர் பட்டத்துக்கு மேலும் ஐந்தாண்டுகள் என்று கணக்கிடுங்கள். முதுநிலைக்குப் பின் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும் பின்னர் 42,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் கிடைக்கும். அதன்பின் வீட்டிலிருந்து பணம் அனுப்ப வேண்டியிராது. சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், ஐதராபாத்தின் இன்காய்ஸ் எனும் தேசியக் கடல் தகவல் சேவை மையம், கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றில் விஞ்ஞானிப் பணியிடங்கள் உண்டு. ஆயினும் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. பலர் சில ஆண்டுகள் ஒப்பந்தத் திட்டப் பணிகளில் இருந்துவிட்டே அவற்றை அடைகிறார்கள். முப்பது வயதுக்குள் திருமணம், நிரந்தர வேலை இரண்டையும் முடித்துவிட வேண்டும் என்று குடும்பத்தில் எதிர்பார்ப்பு இருந்தால், அதை மகளிடம் இப்போதே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

கல்லூரி விண்ணப்பங்கள் தொடங்குவதற்கு முன் ஒருமுறை பரங்கிப்பேட்டை மையத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி பெற்று, மகளையும் துணைவியாரையும் அழைத்துச் சென்று வாருங்கள். கோவையிலிருந்து மயிலாடுதுறைக்கு நேரடி ரயில் இருக்கிறது. அங்கிருந்து சிதம்பரம் வழியாகச் செல்வது எளிது. அங்கே படிக்கும் மாணவியரிடம் விடுதி, களப்பயணம், உதவித்தொகை ஆகியவற்றைப் பற்றித் தங்கள் துணைவியாரே நேரில் கேட்டுக்கொள்ளட்டும்.