ரிமினியில் குடும்ப விடுதியில் தங்குவது: கேள்விகளும் பதில்களும்

இத்தாலியின் கிழக்குக் கரையில் இருக்கும் ரிமினி பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னேன். கேள்விகள் குவிந்துவிட்டன. பொலோன்யா பல்கலைக்கழகத்தின் ரிமினி வளாகத்தில் சுற்றுலாத் துறை படித்தபோது, கோடை மாதங்களில் அங்கே ஒரு குடும்ப விடுதியில் வேலை பார்த்தேன். ரிசப்ஷன், சாப்பாட்டுக் கூடம், ஆள் வராத நாட்களில் சமையலறை. அந்த உலகத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுவேன். ரோம், வெனிஸ் எல்லாம் மற்றவர்கள் சொல்லட்டும்.

திருச்சியிலிருந்து: அக்கா, அங்கே பென்சியோனே என்று நிறைய போர்டு இருக்கிறதாமே? அது ஹாஸ்டலா, ஹோட்டலா?

சட்டப்படி இன்று அவை பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நட்சத்திர ஹோட்டல்கள். நடைமுறையில் ஒரு குடும்பத்தின் வீடு. டார்மிட்டரி வேண்டுமானால் ரிமினியில் தனியாக ஹாஸ்டல்கள் இருக்கின்றன. தனியாக வருபவருக்கு அதுதான் மலிவு. இரண்டு பேர், குழந்தைகளோடு ஒரு குடும்பம் என்றால் பென்சியோனேதான் என் பதில்.

இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் இந்த ஊர் பெருமளவு இடிந்துபோனது. 1950களிலும் 60களிலும் ஜெர்மனியிலிருந்தும் வட இத்தாலியிலிருந்தும் கூட்டம் கூட்டமாகக் கடலுக்கு வரத் தொடங்கினார்கள். பெரிய முதலாளிகள் வந்து கட்டும்வரை ஊர்க்காரர்கள் காத்திருக்கவில்லை. மீனவக் குடும்பங்களும் விவசாயக் குடும்பங்களும் கடனை வாங்கி மாடி எழுப்பி அறைகளை வாடகைக்கு விட்டார்கள். கோடையில் தங்கள் படுக்கையறையையும் விருந்தினருக்குக் கொடுத்துவிட்டு கராஜில் படுத்த குடும்பங்கள் உண்டு. அந்தப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று பல விடுதிகளை நடத்துகிறார்கள். அம்மா சமையல், அப்பா காலையில் சந்தை, மகள் ரிசப்ஷன், மருமகன் ரிப்பேர். வாடகை குறைவாக இருப்பதற்கு இதுதான் காரணம். கூலிக்கு அதிகம் ஆள் வைக்காமல் குடும்பமே காலை ஆறு மணியிலிருந்து இரவு பதினொன்று வரை உழைக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு தங்கினால், கீழே பலர் கேட்டிருக்கும் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகக் கிடைத்துவிடும்.

அறை சிறியதாக இருக்கும். பழைய கட்டடங்களில் ஷவருக்குத் தனித் தடுப்பு கிடையாது. ஒரு திரையும் தரையில் ஒரு சல்லடையும்தான். ஏசிக்குத் தனிக் கட்டணம் கேட்கலாம். படுக்கை விரிப்பு மட்டும் பளிச்சென்று இருக்கும், அதில் அவர்களுக்கு மானப் பிரச்சினை.

பெங்களூரிலிருந்து: ஒரு இரவுக்கு எவ்வளவு ஆகும்?

ஒரே தொகையாகச் சொல்ல முடியாது. ஒரே அறை ஜூன் தொடக்கத்தில் ஒரு விலை, ஆகஸ்டு 15-ஐ ஒட்டிய வாரத்தில் இரண்டு மடங்குக்கு மேல். அன்று ஃபெர்ராகோஸ்தோ விடுமுறை, இத்தாலியே கடற்கரையில் இருக்கும். அந்த வாரத்தில் ஏழு இரவுக்குக் குறைவாகப் பல இடங்களில் தரவும் மாட்டார்கள். செப்டம்பரில் பக்கத்து மிசானோவில் மோட்டோஜிபி மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கும் வார இறுதியிலும் அறை கிடைக்காது. அதைத் தவிர்த்தால் செப்டம்பர் முதல் பாதிதான் என் தேர்வு. கடல் நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், விலை இறங்கியிருக்கும்.

விலையைப் பார்க்கும்போது அதில் சாப்பாடு உண்டா என்று பாருங்கள். மெத்ஸா பென்சியோனே என்றால் காலை உணவும் ஒரு வேளைச் சாப்பாடும். பென்சியோனே கொம்ப்ளேத்தா என்றால் மூன்று வேளையும். தண்ணீர், ஒயின் பெரும்பாலும் தனிக் கணக்கு. நகராட்சியின் தங்கும் வரி ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு என்று தனியாக வரும். சிறு தொகைதான். கிளம்பும்போது கேட்பார்கள், ஏமாற்று என்று நினைத்துச் சண்டை போடாதீர்கள்.

கோவையிலிருந்து: நாங்கள் சுத்த சைவம். பென்சியோனே சாப்பாடு சரிப்படுமா?

சரிப்படும். ஆனால் புக் செய்வதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். வந்து இறங்கிய பிறகு சாப்பாட்டு மேசையில் சொல்லாதீர்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது.

காரணம் இருக்கிறது. இந்த விடுதிகளில் மெனு கார்டு என்று ஒன்று இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று காலையிலோ மதியமோ ஒரு தாளில் குறித்து வாங்கிக்கொள்வார்கள். அந்த எண்ணிக்கைக்குத்தான் சமையல். ஏழரை மணிக்கு எல்லோரும் ஒன்றாக உட்காரும்போது, நீங்கள் எழுந்து மாற்று கேட்டால் சமையலறையில் ஒரே ஒரு அம்மா நிற்கிறார்.

இனி எங்கே கவனம் வேண்டும் என்று சொல்கிறேன். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் போதாது. மூத்த சமையல்காரர்கள் சிலர் மீனை அசைவக் கணக்கில் சேர்ப்பதில்லை. சென்சா கார்னே, சென்சா பெஷே, சென்சா ப்ரோதோ என்று எழுதிக் கொடுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், இறைச்சிச் சாறு வேண்டாம். மூன்றாவது முக்கியம். பார்வைக்கு வெறும் நூடுல்ஸ் போல இருக்கும் பாசதெல்லி பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில்தான் வரும். ரைஸ் சாலட் என்று பார்த்ததும் அரிசி கிடைத்ததே என்று பாயாதீர்கள், அதில் டூனா மீனோ ஹாமோ கலந்திருக்கும். பார்மெசான் சீஸில் கன்றின் வயிற்று நொதி சேர்கிறது. அது உங்களுக்கு ஆகாது என்றால் அதையும் சொல்லுங்கள்.

அப்புறம் பியாதீனா. அந்தப் பகுதியின் ரொட்டி. ரிமினிப் பக்கம் மெல்லிசாகவும் அகலமாகவும் சுடுவார்கள். பார்த்தால் நம் சப்பாத்திக்கு அக்கா மாதிரி இருக்கும், அதனால்தான் நம்மவர்கள் கேட்காமலே வாங்கிவிடுகிறார்கள். பாரம்பரிய மாவில் சேர்வது ஸ்ட்ருட்டோ, அதாவது பன்றிக் கொழுப்பு. ஆலிவ் எண்ணெயில் பிசைந்ததும் பல கடைகளில் உண்டு. 'அல்லோலியோ' என்று கேட்டு வாங்குங்கள். அதில் ஸ்குவாக்குவெரோனே என்ற மென்மையான சீஸும் ருகோலா கீரையும் வைத்துத் தருவார்கள். கீரையை உள்ளே வைத்து மூடிச் சுடும் கசோனேயும் அருமை. விடுதியில் ரொட்டித்தூள் தூவி அடுப்பில் வாட்டிய கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய் கிடைக்கும். முன்கூட்டிச் சொன்ன விருந்தினருக்காக எங்கள் சமையலறையில் தனித் தட்டே எடுத்து வைப்போம். சொன்னால் செய்வார்கள்.

சென்னையிலிருந்து: விசாவுக்கு ஹோட்டல் புக்கிங் காட்டிவிட்டு, கிடைத்ததும் ரத்து செய்யலாமா?

விசா விதிகளை விசா மையத்திலோ தூதரகத்திலோ கேளுங்கள். ஆனால் ரத்து பற்றி நான் பேசியே ஆக வேண்டும். இருபது அறை வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு முடங்கிய ஒரு அறை பெரிய இழப்பு. வருடத்தில் நான்கைந்து மாதம்தான் அவர்களுக்குச் சம்பாத்தியம். உண்மையில் தங்கப்போகும் இடத்தையே புக் செய்யுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் போட்டு உறுதிக் கடிதம் கேட்டால் அனுப்புவார்கள்.

துபாயிலிருந்து: ரிசப்ஷன் 24 மணி நேரமும் இருக்குமா? எங்கள் ரயில் மதியம் மூன்றுக்கு வருகிறது.

இருக்காது. மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணியிலிருந்து நான்கு வரை குடும்பமே படுத்திருக்கும். அவர்களுக்குக் கிடைக்கும் ஓய்வு அதுதான். வரும் நேரத்தை முதல் நாளே தெரிவியுங்கள், யாராவது ஒருவர் விழித்திருப்பார், அல்லது பெட்டியை எங்கே வைப்பது என்று சொல்வார்கள். இரவு திரும்ப நேரமானால் வாசல் சாவி வாங்கிக்கொண்டு போங்கள்.

இலண்டனிலிருந்து: பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்களே, கொடுக்கலாமா?

விவரம் பதிவதற்குக் கொடுங்கள், உடனே திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். தங்குபவர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் காவல்துறையின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்பது சட்டம். குழந்தைகளுடையதும் வேண்டும். இன்னொன்று: 2025 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு தங்குமிடத்துக்கும் சின் என்ற தேசிய அடையாள எண் கட்டாயம். விளம்பரத்தில் அந்த எண் இல்லையென்றால் பணம் அனுப்பாதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து: கடற்கரையில் குடைக்கும் நாற்காலிக்கும் காசு வாங்குவது அநியாயம் இல்லையா? கடல் யாருடைய சொத்து?

இந்தக் கேள்விக்குக் கீழே மிலானில் இருக்கும் நண்பர் ஒருவர், "காசு கொடுக்காதீர்கள். குடைகளுக்கு முன்னால் தண்ணீரோரமாகத் துண்டை விரித்துப் படுங்கள், சட்டம் உங்கள் பக்கம்" என்று எழுதினார். அதற்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்று நீண்டுவிட்டது. சட்டம் அவர் சொல்லும் அளவுக்கு அவர் பக்கம் இல்லை என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

கடற்கரை அரசின் சொத்து. ரிமினியில் அதன் பெரும்பகுதியை, குடையும் நாற்காலியும் வாடகைக்கு விடும், எண் போட்ட குளிப்பிடங்களாகப் பிரித்து உரிமம் கொடுத்திருக்கிறார்கள். இங்கே முதல் குளிப்பிடம் திறந்தது 1843-இல். 2006-ஆம் ஆண்டுச் சட்டம், உரிமதாரர் யாரையும் தன் இடத்தின் வழியாகக் கடலுக்குப் போக, குளிக்கவும்கூட, இலவசமாக அனுமதிக்க வேண்டும் என்கிறது. ஆகவே நடந்து போய்க் குளித்துவிட்டு வரலாம், தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் தண்ணீரோரத்தில் ஏறத்தாழ ஐந்து மீட்டர் பட்டை எல்லோரும் நடப்பதற்கும் மீட்பு வேலைக்கும் காலியாக இருக்க வேண்டும். அங்கே துண்டு விரிப்பது, குடை நடுவது கூடாது. மிலான் நண்பர் சொன்னபடி செய்தால் அபராதம் உங்களுக்குத்தான்.

உரிமங்கள் ஏலமே இல்லாமல் அதே குடும்பங்களிடம் நீட்டிக்கப்படுவது பெரிய குறை என்று அவர் எழுதியது உண்மை. ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் போட்டி ஏலம் கேட்கிறது. இத்தாலிய அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப்போட்டன. 2024-இல் வந்த ஆணையும் 2027 செப்டம்பர் வரை நீட்டித்தது. அரசுக்குக் கட்டும் தொகையும் வெகுகாலம் மிகக் குறைவாக இருந்தது. 2021-இல்தான் குறைந்தபட்சம் ஆண்டுக்கு 2,500 யூரோ என்று ஆனது. முதல் வரிசைக் குடைகளின் வாடகையைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு சிறிய தொகை என்று புரியும். ஏலம் வர வேண்டும் என்பதுதான் என் கருத்தும். ஆனால் கழிப்பறை, ஷவர், நிழல் எல்லாம் ஒரு பொருட்டே இல்லை, வெறும் கொள்ளை என்று சொல்வதை ஏற்க மாட்டேன். கோபுரத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள். சிவப்புக் கொடி ஏறினால் இறங்காதீர்கள், எவ்வளவு நீச்சல் தெரிந்தாலும்.

செலவில்லாமல் படுக்க வேண்டுமா? துறைமுகத்தை ஒட்டிய பொஸ்கோவிச் சதுக்கத்துக்கு எதிரே இலவசக் கடற்கரை இருக்கிறது. குடை கொண்டு போங்கள். குடை வேண்டும் என்றால் முதலில் விடுதியில் கேளுங்கள். பெரும்பாலான விடுதிகளுக்கு ஒரு குளிப்பிடத்தோடு ஒப்பந்தம் இருக்கும், நேரில் போவதைவிடக் குறைவாகக் கிடைக்கும். பின் வரிசை இன்னும் குறைவு.

மீண்டும் மிலான் நண்பர்: அப்படியென்றால் மேற்குக் கரையில் இருக்கும் சின்க்வே தெர்ரேவுக்கே போகலாமே? தண்ணீராவது நீலமாக இருக்கும்.

போகலாம். ரிமினியில் போ ஆற்று நீர் கலப்பதாலும் மணல் தரையாலும் தண்ணீர் கலங்கல்தான். ஆனால் வெகுதூரம்வரை இடுப்பளவுதான் ஆழம். நீச்சல் தெரியாத பெற்றோரையும் குழந்தைகளையும் கூட்டி வருபவருக்கு இதைவிட நல்ல கடல் வேண்டாம். இந்த விவாதம் இத்துடன் போதும்.

மதுரையிலிருந்து: அம்மா புடவையோடு கடலில் இறங்கலாமா?

தாராளமாக. யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். நீச்சல் குளம் என்றால் நீச்சலுடையும் பெரும்பாலும் தலைத் தொப்பியும் கேட்பார்கள்.

ஹைதராபாதிலிருந்து: சைவம், முட்டை மட்டும் சரி. என்ன சொல்வது?

கோவைக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள். முன்பே எழுதுங்கள்.

சேலத்திலிருந்து: மதியம் இரண்டரைக்கு வருகிறோம், செக்-இன் செய்யலாமா?

துபாய் கேள்வியைப் பாருங்கள். முதல் நாளே தெரிவியுங்கள்.

கொழும்பிலிருந்து: சின்ன ரைஸ் குக்கர் கொண்டு வரலாமா, அக்கா?

அறையில் வேண்டாம் தம்பி. பழைய வயரிங், தீ எச்சரிக்கைக் கருவி, கீழே தூங்கும் குடும்பம். சமைக்கத்தான் வேண்டும் என்றால் சமையலறை உள்ள ஹாஸ்டலோ அபார்ட்மெண்டோ எடுங்கள். ஊறுகாய், பொடி கொண்டு வருவதில் பிரச்சினையே இல்லை.

புதுச்சேரியிலிருந்து: பொலோன்யா விமான நிலையத்திலிருந்து எப்படி வருவது? ஊரில் பஸ் உண்டா?

மார்க்கோனி எக்ஸ்பிரஸ் என்ற மோனோரயில் ஏழு நிமிடத்தில் பொலோன்யா மத்திய நிலையத்தில் விடும். அங்கிருந்து ரிமினிக்கு ரீஜனல் ரயில் போதும். காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். ரிமினியில் 11-ஆம் எண் பஸ் கடற்கரையை ஒட்டிப் பக்கத்து ஊரான ரிச்சோனே வரை போகும். ரயில் நிலையத்திலிருந்து மெட்ரோமாரே என்ற மின்பேருந்து அதே ரிச்சோனேவுக்கு வேகமாகப் போகும்.

தஞ்சாவூரிலிருந்து: கடல் தவிரப் பார்க்க என்ன இருக்கிறது?

கி.பி. 21-இல் கட்டி முடித்த திபேரியஸ் பாலத்தில் இன்றும் மக்கள் நடக்கிறார்கள். ஆனால் உங்களை நான் அனுப்ப விரும்புவது சான் மரினோ சாலையில் இருக்கும் கூர்க்கா போர்க் கல்லறைக்கு. 1944-இல் இந்தப் பகுதிக்காக நடந்த சண்டையில் இந்தியப் படைப்பிரிவுகள் நின்றன. கடற்கரைக்கு வரும் நம்மவர்களில் பெரும்பாலோர் அங்கே போவதில்லை. அரை நாள் ஒதுக்குங்கள்.

கும்பகோணத்திலிருந்து: அக்டோபர் கடைசியில் வரலாமா?

ஊருக்கு வரலாம். குடும்ப விடுதிகளில் பெரும்பாலானவை செப்டம்பர் முடிவில் பூட்டிவிடும். வருடம் முழுக்கத் திறந்திருப்பவை ரயில் நிலையத்தையும், ஊரின் நடுக் கடற்கரைப் பகுதியான மரீனா சென்ட்ரோவையும் சுற்றிக் கிடைக்கும். கண்காட்சி மையத்தில் பெரிய வணிகக் கண்காட்சி நடக்கும் நாட்களில் அவையும் நிரம்பிவிடும். தேதியைச் சரிபார்த்துவிட்டு, ஹீட்டர் போடுவார்களா என்றும் கேட்டு எழுதுங்கள். சைவம் என்றால் அதையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.