வாரத்தின் 168 மணித்தியாலத்தில் நோய்க்கு எவ்வளவு?

“அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன, இனி வாழ்நாள் முழுவதும் இரத்தச் சுத்திகரிப்புச் செய்ய வேண்டும் என்கிறார்கள். இப்படியொரு நோயோடு மனம் உடையாமல் நன்றாக வாழ்வது முடிகிற காரியமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும் என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டுப் போவது எளிது. 2018 ஆம் ஆண்டிலிருந்து, இரத்தத்தைச் சுத்திகரிக்கும் அதே இயந்திரத்துக்குப் பக்கத்தில் படுத்தெழும்புகிறவள் என்ற முறையில், எப்படி முடிகிறது, எங்கே முடியாமற்போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுப்பவள்; மனம் கலங்கினாலும் கை தானாகக் கணக்குப் போடும். வாரத்துக்கு 168 மணித்தியாலம். செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாளும் நாளுக்கு நான்கு மணித்தியாலம் இயந்திரத்தோடு இணைந்திருக்கிறேன், அது 12. போய்வரும் நேரம், ஊசி குத்தவும் கழற்றவும் ஆகும் நேரம், வீடு வந்து துவண்டு கிடக்கும் பிற்பகல் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சேர்த்தால் நாளுக்கு 12 என்று வாரத்துக்கு 36 ஆகிறது. மீதி 132. நோய் உறுதியான புதிதில் இந்தக் கழித்தலை நான் செய்யவேயில்லை. ஒரு தனியார் வைத்தியசாலையில், அடுத்த நோயாளியின் கோப்பைக் கையில் எடுத்தபடியே வைத்தியர் ஒருவர் மூன்று நிமிடத்தில் விடயத்தைச் சொல்லி முடித்தார். நானும் 168 மணித்தியாலத்தையும் நோய்க்கே எழுதிக்கொடுத்துவிட்டு, வகுப்பை நிறுத்தி, யன்னலோரமாக ஆறு மாதம் உட்கார்ந்திருந்தேன்.

இந்த இயந்திரத்தின் வரலாற்றை வாசித்தது எனக்கு உதவியது. உங்கள் அண்ணனுக்கு உதவுமோ தெரியாது. நெதர்லாந்தில் வில்லெம் கொல்ஃப் என்ற வைத்தியர், உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943 இல், தொத்திறைச்சிக்கு உறையாகும் செலோபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி நடைமுறையில் பயன்பட்ட முதலாவது செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் குருதிக்குழாயை வெட்டித் திறக்க வேண்டியிருந்ததால், ஒருவருக்கு அதைச் சில முறைக்கு மேல் செய்ய முடியவில்லை. 1960 இல் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையிலேயே நிரந்தரமாக இருக்கக்கூடிய டெஃப்லான் குழாயைப் பொருத்திய பிறகுதான் இது நீண்டகாலச் சிகிச்சை ஆயிற்று. அவருடைய முதல் நோயாளியான கிளைட் ஷீல்ட்ஸ் பதினொரு ஆண்டுகள் வாழ்ந்தார். என் பாட்டியின் காலத்தில் இந்த நோய் வந்திருந்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாண்டியிருக்க மாட்டேன் என்பது உறைத்த பிறகு, மீதி 132 ஐ வீணாக்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

“டீச்சருக்கு நல்ல தைரியம்” என்று பெற்றோர்கள் சொல்வார்கள். அவர்கள் தைரியம் என்று காண்பதில் பெரும்பகுதி ஏற்பாடுதான். வகுப்புகள் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு. வைத்தியசாலைப் பை முதல்நாள் இரவே கதவருகில் இருக்கும். காலையில் எழுந்ததும் இடது முன்கையைத் தொட்டுப் பார்ப்பேன். இயந்திரத்துக்கு ஊசி குத்துவதற்காக நாடியையும் நாளத்தையும் இணைத்துத் தைத்த இடத்தில், தண்ணீர் மோட்டார் ஓடும்போது குழாயில் கை வைத்தால் தெரிவது போன்ற ஓர் அதிர்வு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கே, வகுப்பை விட்டுவிட்டு ஓட வேண்டும். அந்தக் கையில் மணிக்கூடு கட்டுவதில்லை, பை தூக்குவதில்லை, எந்தத் தாதியையும் அதில் இரத்த அழுத்தம் பார்க்கவோ ஊசி போடவோ விடுவதில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது தண்ணீர். சிறுநீர் அநேகமாக நின்றுவிட்ட எனக்கு ஒரு நாளைக்கு 600 மில்லிலீற்றர் என்று வைத்தியர் அளந்து கொடுத்திருக்கிறார். ஒவ்வொருவருக்கும் அளவு வேறு. கொழும்பு வெயிலில் அது எவ்வளவு என்பதைக் காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் ஒரு போத்தலில் 600 நிரப்பி வைப்பேன். பிளேன்டீ குடித்தால் அதே அளவைப் போத்தலிலிருந்து ஊற்றிவிடுவேன். இடியப்பத்துக்கு விட்ட சொதியும் கணக்கில் உண்டு. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. மாலையில் போத்தலில் மிஞ்சுவது என்னுடையது. உப்பைக் குறைத்தால் தாகம் தானாகக் குறைகிறது என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு வருடம் சென்றது. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும்தான் என்னை இரவில் எழுப்பித் தண்ணீர் கேட்டவை. (சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை வாங்காதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். நமக்கு அது இதயத்தையே நிறுத்தக்கூடிய பொருள்.)

அளவு மீறிக் குடித்த வாரங்களில் இயந்திரம் அந்த நீரையெல்லாம் நான்கு மணித்தியாலத்துக்குள் இழுத்தெடுக்கும். அப்போது கால் இழுத்துப் பிடிக்கும். முதன்முறை அது வந்தபோது தாதிக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஆங்கிலமும் சிங்களமும் வலியில் மறந்துவிட்டன. “கெண்டை பிரட்டுது” என்று தமிழிலேயே கத்தினேன். அவர் உடனே திரும்பி “கெண்டா பெரலெனவாத?” என்று கேட்டுக்கொண்டே வந்து, நீர் இழுக்கும் வேகத்தைக் குறைத்து, காலைப் பிடித்து நீட்டிவிட்டார். சிங்களத்திலும் அதே கெண்டை, ஏறத்தாழ அதே புரளல். அன்று சிரித்தோம். அன்றிலிருந்து தலைசுற்று, குளிர், நெஞ்சிறுக்கம் ஆகியவற்றுக்கான சிங்களச் சொற்களை ஒரு துண்டில் எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். உங்கள் அண்ணனுக்கும் எழுதிக் கொடுங்கள்.

ஏற்பாடு எவ்வளவு தாங்கும் என்பதை 2022 இன் பொருளாதார நெருக்கடி காட்டியது. மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. எங்கள் மாடிக்கட்டிடத்தின் லிஃப்ட் நின்றுபோக, சுத்திகரிப்பு முடிந்து வந்து நான்கு மாடி ஏற வேண்டியிருந்தது. இரண்டாம் மாடியில் இருக்கும் குடும்பத்தார், நான் கேளாமலே, படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டார்கள். பின்னர் எரிபொருள் பங்கீடு வந்து முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீற்றர் என்றானபோது, என்னை ஏற்றிச்செல்லும் சாரதி நானா, “டீச்சர்ட மூணு நாளுக்கும் எடுத்து வெச்சிட்டுத்தான் மத்த ஹயர் ஓடுவேன்” என்றார். பொருட்தட்டுப்பாட்டால் எங்கள் நிலையத்தில் சில வாரம் மூன்று முறை இரண்டாகியது. அந்த வாரங்களில் போத்தலை 450 ஆக்கினேன். கதிரையையும் பெற்றோலையும் நான் ஏற்பாடு செய்யவில்லை என்பதையும் எழுத வேண்டும். தனியாளின் மனவுறுதி பற்றி யாராவது நீட்டி முழக்கினால் எனக்கு அந்தக் கதிரைதான் நினைவுக்கு வருகிறது.

அன்பினால் வரும் ஆபத்து ஒன்றும் உண்டு. பார்க்க வருகிறவர்கள் செவ்விளநீர் கொண்டுவருவார்கள். சூட்டுக்கு நல்லது என்பார்கள். அதில் பொட்டாசியம் மிக அதிகம். காமரங்கா என்று சந்தையில் விற்கும் நட்சத்திரப் பழம் அதைவிட மோசம். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அது விடாத விக்கலில் தொடங்கி, வலிப்பு, மயக்கம், மரணம் வரைக்கும் கொண்டுபோகும். மூலிகைக் கஷாயம் எதுவானாலும் வைத்தியரிடம் காட்டாமல் வாயில் வைக்க வேண்டாம். பெரியம்மா கோபித்தால் கோபிக்கட்டும்.

மனம் உடையாதா என்று கேட்டீர்கள். உடையும். நான் சொன்ன அந்த ஆறு மாதம் சோம்பலும் அல்ல, விதியை நொந்ததும் அல்ல. நித்திரையின்மையை ஒரு தாதியிடம் சொல்லப்போய், அவர் வைத்தியரிடம் சொல்லி, அது மனச்சோர்வு நோய் என்று தெரிந்து மருந்தும் ஆலோசனையும் பெற்றேன். சுத்திகரிப்பில் இருப்பவர்களிடையே இது சாதாரணம். இரவு வேளையில் தாங்க முடியாமற்போனால் தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். இப்போதும் வருடத்தில் சில வாரங்கள் எனக்கு வகுப்பெடுக்க மனம் வருவதில்லை. அப்போது எடுப்பதில்லை.

உங்களுக்குத் தனியாக ஒன்று. என் மச்சாள் முதல் மூன்று மாதமும் தண்ணீர்ப் போத்தலைத் தன் அறையில் வைத்துப் பூட்டி, வேளைக்கு வேளை அளந்து தந்தாள், என்னைக் காப்பாற்றத்தான். நான் குளியலறைக் குழாயில் களவாகக் குடித்தேன். ஒரு நாள் பெரிய சண்டை; மறுநாள் காலை, ஒன்றும் பேசாமல், வெறும் போத்தலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகுதான் நாங்கள் இருவரும் தண்ணீரைத் தவிர வேறு விடயங்களையும் கதைக்கத் தொடங்கினோம்.