வீட்டை விற்றுப் போனவர் கையிலும் லிங்க்!

கேள்வி: எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் வரவு-செலவுக் கணக்கு, உரிமையாளர்களின் ஆதார் நகல் எல்லாம் கூகுள் டிரைவில் ஒரே ஃபோல்டரில் இருக்கின்றன. லிங்க்கை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். வீட்டை விற்றுப் போனவர் இன்னும் திறந்து பார்க்கிறார். அவரை மட்டும் நிறுத்த வழி உண்டா?

பதில்: இப்போதிருக்கும் நிலையில் இல்லை. நீங்கள் வைத்திருப்பது 'எனிஒன் வித் த லிங்க்', அதாவது லிங்க் கையில் உள்ள எவரும் திறக்கலாம். டவுன் பஸ் டிக்கெட் மாதிரி, அதில் பெயர் கிடையாது. கையில் வைத்திருப்பவர்தான் பயணி. உங்களுக்குத் தேவை பெயர் போட்ட ரயில் டிக்கெட்.

ஷேர் பகுதியில் 'ஜெனரல் ஆக்சஸ்' என்பதை 'ரெஸ்ட்ரிக்டட்' ஆக்குங்கள். லிங்க்கை மட்டும் நம்பி வந்த அத்தனை பேருக்கும் வழி அடைபடும். நாலு நாள் கழித்து மறுபடி 'எனிஒன் வித் த லிங்க்' என்று மாற்றினால் புது லிங்க் வரும் என்று பலர் நம்புகிறார்கள். வராது. ஃபோல்டர் அதேதான் என்பதால் பழைய லிங்க்கே மறுபடி வேலை செய்யும், அவருக்கும் சேர்த்து.

அப்புறம், உள்ளே இருக்கும் ஃபைல்களையும் பாருங்கள். ஏதாவது ஒன்றைத் தனியாக லிங்க் எடுத்து அனுப்பியிருந்தால், ஃபோல்டரைப் பூட்டினாலும் அது திறந்தே கிடக்கலாம்.

சரி, உறுப்பினர்களை எப்படிச் சேர்ப்பது? ஒவ்வொரு ஜிமெயிலாக டிரைவில் சேர்த்தால், வீடு கைமாறும்போதெல்லாம் தேடித் தேடி நீக்க வேண்டும். பலரை ஒரே மின்னஞ்சல் முகவரியின் கீழ் சேர்க்கும் கூகுள் குரூப்ஸில் இலவசமாக ஒரு குழு தொடங்கி, அந்தக் குழுவின் முகவரிக்கு மட்டும் 'வியூவர்' (பார்க்க மட்டும்) அனுமதி கொடுங்கள். வீட்டை விற்றவரைக் குழுவிலிருந்து எடுத்தால் போதும். குழுவில் யார் வேண்டுமானாலும் தானாகச் சேரும்படி மட்டும் விட்டுவிடாதீர்கள்.

'லிங்க் யாருக்குத் தெரியப்போகிறது?' என்ற தைரியம் வேண்டாம். 2018 ஜூலையில் ரஷ்யாவின் யாண்டெக்ஸ் தேடுபொறியில் கூகுள் டாக்ஸ் ஆவணங்கள் பல வந்து நின்றன. யாரும் பாஸ்வேர்டைத் திருடவில்லை; பொதுவில் திறந்து விடப்பட்டிருந்தவை அவை.

ஆதார் நகல்களைக் கணக்கோடு வைத்ததுதான் எனக்கு உறுத்துகிறது. செயலாளரும் பொருளாளரும் மட்டும் பார்க்கும் தனி ஃபோல்டருக்கு இன்றே மாற்றுங்கள். ஏற்கெனவே யாராவது டவுன்லோடு செய்திருந்தால் அதைத் திரும்பப் பெற முடியாது. இனி வாங்கும்போது, கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' கேளுங்கள். ஆதார் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.