லட்ச ரூபாய் சிடி பிளேயர்: கேள்வி பதில்

இருபது வருடமாக சிடி பிளேயர்களை வாங்கி, பிரித்து, மாட்டி, ஒன்றிரண்டைக் கெடுத்தும் பழகியவன் நான். கடைக்காரன் அல்ல. வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு இங்கே பதில்.

கோவை வாசகர்: எசோடெரிக், மராண்ட்ஸ் எஸ்ஏ-10, செகண்ட்ஹேண்டில் நெய்ம் சிடிஎக்ஸ்2. மூன்றில் எது சார்? கேட்பது பெரும்பாலும் கச்சேரிகள்தான்.

மூன்றும் மூன்று ஜாதி. எசோடெரிக்கின் பெருமை அதன் விஆர்டிஎஸ் இயந்திரம். மற்ற பிளேயர்கள் சிடியை நடுத்துளையில் மட்டும் பிடித்துச் சுற்றும். இதில் சிடி அகலத்துக்கு ஒரு தட்டு மேலே படிந்து அழுத்திக்கொள்ளும். சிடி லேசாக வளைந்திருந்தாலும் சமமாகச் சுற்றும். டிரே மூடும் சத்தமே பேங்க் லாக்கர் மாதிரி இருக்கும்.

எஸ்ஏ-10 (2016) வேறு வழியில் போகிறது. எண்களை ஒலியாக மாற்றும் டிஏசி சிப் என்று கடையில் கிடைக்கும் எதுவும் அதில் இல்லை. வருகிற எண்களையெல்லாம் ஒரு-பிட் ஓட்டமாக மாற்றி, தன் சொந்த சர்க்யூட்டில் வடிகட்டி ஒலியாக்குகிறது. நெய்மில் டிரே கதவு மாதிரி வெளியே திறக்கும். சிடியை வைத்து, மேலே சின்னக் காந்த வில்லையைக் கையால் வைக்க வேண்டும். அந்த வில்லையைத் தொலைத்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

தம்புரா நாதம் அடங்கும் இடமும் மிருதங்கத்தின் தொப்பி ஒலியும் மூன்றிலும் குறையில்லாமல் வரும். கையில் காசிருந்தால் எசோடெரிக் என்பேன். ஆனால் எதை வாங்கினாலும் முதலில் கேட்க வேண்டியது, சிடியைப் படிக்கும் லேசர் ஹெட் கிடைக்குமா என்பது. தேய்ந்துபோகிற சாமான் அதுதான். விலையுயர்ந்த பல பிளேயர்களுக்குள் இருந்த பிலிப்ஸ் சிடி-ப்ரோ2 இயந்திரத்தின் உற்பத்தி நின்றுவிட்டது. அது போனால் உங்கள் லட்ச ரூபாய் பெட்டி வெறும் அலமாரிப் பொம்மை.

திருச்சி வாசகர்: டிடிஏ1541ஏ சிப், கிரீட முத்திரை உள்ளது என்று ஒரு பழைய பிளேயர் வருகிறது. வாங்கலாமா?

பிளேயரை வாங்கலாம், கிரீடத்துக்காக வாங்காதீர்கள். அது பிலிப்ஸின் பழைய டிஏசி சிப். பிலிப்ஸ் தேர்ந்தெடுத்த சிப்புகளில் கிரீடம் அச்சிட்டது உண்மை. அதற்கு விலை ஏறியதும் சாதாரணச் சிப்பில் கிரீடம் அச்சடித்து விற்பவர்களும் முளைத்துவிட்டார்கள். பழைய பிலிப்ஸ் இயந்திரத்தில் லேசர் தண்டவாளத்தில் ஓடாமல் ரெக்கார்டு பிளேயர் கை மாதிரி ஊசலாடும். தேயப் பல்சக்கரம் கிடையாது, அதனால் ஆயுசு கெட்டி. உள்ளே கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும், மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். லேசர் ஹெட்? ஆமாம், அதையும் விசாரியுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: ஜப்பானிலிருந்து வரவழைத்த பிளேயரை நம் பிளக்கில் சொருகினேன். டப்பென்று ஒரு சத்தம்.

அது 100 வோல்ட் பிளேயர், நம் சுவரில் 230. ஃபியூஸ் மட்டும் போயிருந்தால் கும்பிட்டுக்கொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் போயிருந்தால் ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோங்கள். இனி வோல்டேஜை இறக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடாதீர்கள்.

சேலம் வாசகர்: சிடி விளிம்பில் பச்சை மார்க்கர் பூசினால் ஒலி கூடுமா?

கூடாது. மார்க்கரைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

யாழ்ப்பாண வாசகர்: அண்ணை, எண்பதுகளில வந்த ஜப்பான் சிடி ஒண்டு பழைய பிளேயரில நல்லாக் கேக்குது. கம்ப்யூட்டரில ஏத்திப் போட்டால் காதைக் குத்துது. ஏன்?

இன்றைக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். அந்தக் காலச் சிடிகள் சிலவற்றில் பதியும்போதே உச்ச ஒலிகளைத் தூக்கிவிடுவார்கள், மேலே போகப் போக 10 டெசிபல் வரைக்கும். இரைச்சலைக் குறைக்க அது ஒரு உபாயம். கூடவே சிடியில் ஒரு குறிப்பும் இருக்கும். பிளேயர் அதைப் படித்துவிட்டு, தூக்கியதை இறக்கிவிடும். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது பல சமயம் அந்தக் குறிப்பு விட்டுப்போகிறது, தூக்கியது தூக்கியபடியே கேட்கிறது. சிடியில் பழுதில்லை. பழைய பிளேயரை விற்றுவிடாதீர்கள்.

சிங்கப்பூர் வாசகர்: எல்லாம் பூஜ்ஜியமும் ஒன்றும்தானே? மலிவு டிவிடி பிளேயரும் அதே எண்ணைத்தான் படிக்கிறது. எதற்கு லட்சங்கள்?

பாதி சரி. சிடியில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தடம் அழிந்தாலும் பிழைதிருத்த முறை அதை முழுசாக மீட்டுவிடும். அதற்கு மேல் போனால்தான் அக்கம்பக்கம் பார்த்து இட்டு நிரப்பும். அதனால் எண் ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் அதற்குப் பிறகு: எண்களுக்குத் தாளம் போடும் உள் கடிகாரம், வடிகட்டி, பவர் சப்ளை, அனலாக் பகுதி. அங்கேயும் அது கடைக்காரர் சொல்லும் அளவுக்குப் பெரிதல்ல.

சென்னை வாசகர்: இதை ஏற்க முடியாது. என் புதுப் பிளேயர் பழையதைத் தூக்கிச் சாப்பிடுகிறது. என் காது பொய் சொல்லாது.

காது பொய் சொல்லாதுதான், சத்தத்தில் ஏமாறும். எனக்கும் நடந்தது. இரண்டு பிளேயரை வைத்து ஒரு மாதம் "புதியதுதான்" என்று சொல்லித் திரிந்தேன். ஒருநாள் டெஸ்ட் சிடியில் 400 ஹெர்ட்ஸ் ஒலியைப் போட்டு, வெளியே வரும் வோல்டேஜை மல்ட்டிமீட்டரில் பார்த்தேன். (1000 ஹெர்ட்ஸில் மலிவு மீட்டர்கள் சில தடுமாறும், அதனால்தான் 400.) பழையது 2.0 வோல்ட், புதியது 2.3. கிட்டத்தட்ட 1.2 டெசிபல். கொஞ்சம் கூடுதல் சத்தம் நமக்குச் "சத்தம்" என்று தெரியாது, "தெளிவு" என்றுதான் தெரியும். இரண்டையும் சமன் செய்துவிட்டு மனைவியை மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். பத்தில் ஆறுதான் சரியாகச் சொன்னேன். காசு சுண்டினாலே ஐந்து வரும்.

சிங்கப்பூர் வாசகர்: நான் சொன்னேன் அல்லவா!

நீங்கள் சொன்னது வேறு. உங்கள் டிவிடி பிளேயரை என் வீட்டு ஆம்ப்பில் போட்டால் பாட்டு நிற்கும் இடைவெளியில் "உஸ்" என்று இரையும், அதற்கு மீட்டரே வேண்டாம்.

சென்னை வாசகர்: மீட்டரில் பார்த்தா பாட்டுக் கேட்பார்கள்?

கேட்க வேண்டாம், ஒருமுறை ஒப்பிடுவதற்கு முன் அளந்தால் போதும். இருவரும் இதோடு விடுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஈரோடு வாசகர்: சார், மராண்ட்ஸா எசோடெரிக்கா?

முதல் பதில்.

வேலூர் வாசகர்: எது பெஸ்ட் சிடி பிளேயர்?

முதல் பதில். லேசர் ஹெட்.

தஞ்சை வாசகர்: சிடி தாவுகிறது. பிரஷ் ஒட்டிய கிளீனிங் சிடி போடலாமா?

வேண்டாம். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, சுற்றும் பிரஷ் அதில் அடித்தால் முடிந்தது கதை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, அழுத்தாமல் ஒரு சுற்று துடையுங்கள். அப்படியும் தாவினால் என்ன மாற்ற வேண்டும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சென்னை வாசகர்: மீட்டர் வாங்கி அளந்தேன். பழையது 2.0, புதியது 2.4.

சரி, சமன் செய்துவிட்டுத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். பழையதை அதுவரை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.