பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

போன சனிக்கிழமை மணப்பாறையிலிருந்து ஒரு தம்பதி மகனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார்கள். பையன் பிளஸ் டூ முடித்திருக்கிறான், வயது 17. அப்பாவின் கையில் பளபளப்பான ஒரு கையேடு. ஸ்பெயினில் கால்பந்துப் பயிற்சியகம், இரண்டு ஆண்டுகள், தங்குமிடம் உட்பட 34 லட்சம் ரூபாய். சார்ஜாவிலிருக்கும் மைத்துனர் அனுப்பி வைத்தது. "இவன் உலகத் தரத்துக்கு வருவானா சார்? அதை மட்டும் சொல்லுங்கள். வருவான் என்றால் நிலத்தை அடமானம் வைக்கவும் தயார்" என்றார். அம்மா எதுவும் பேசவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் கொடுத்தேன், மதிப்பெண் விசாரித்தேன், பதற்றம் வேண்டாம் என்றேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் அந்தப் பேச்சு ஓடவில்லை. "அந்தப் பணத்தால் வரமாட்டான்" என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கு ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பாதியில் நின்ற பேச்சை இங்கே முடிக்கிறேன். இதே போன்ற கையேட்டோடு அலைகிற வேறு பெற்றோருக்கும் உதவும்.

ஐயா, உலகத் தரம் என்றதும் நீங்கள் வேகத்தையும் உயரத்தையும் உதையின் பலத்தையும் சொன்னீர்கள். குரோஷியக் கால்பந்து வீரர் லூக்கா மோட்ரிச்சின் உயரம் 172 சென்டிமீட்டர். போரில் வீடிழந்து, ஸதார் நகரத்து அகதி விடுதியில் வளர்ந்த பையன். ஒல்லியாக இருக்கிறான் என்று ஹைடுக் ஸ்பிளிட் கிளப் வேண்டாம் என்றது. 2018-இல் உலகின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து (பலோன் தோர்) விருது அவருக்குத்தான் கிடைத்தது. பந்து காலுக்கு வருவதற்கு முன்பே அதை எங்கே அனுப்புவது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நார்வேயைச் சேர்ந்த ஆய்வாளர் கெய்ர் யோர்டெட், பந்து வந்து சேர்வதற்கு முந்தைய சில நொடிகளில் ஒரு வீரர் எத்தனை முறை தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்க்கிறார் என்று படமெடுத்து எண்ணினார். அதிகம் பார்த்தவர்களின் பாஸ்களே அதிகம் சரியாகப் போய்ச் சேர்ந்தன. இப்படிப் பார்ப்பதில் பார்சிலோனாவில் ஆடிய ஸாவி ஹெர்னாண்டஸ் பெயர் பெற்றவர்.

இந்தப் பழக்கம் ஏழு வயதில், எட்டு வயதில், தெருவிலும் நல்ல பயிற்சியாளரின் கண் முன்னாலும் ஊறுவது. பதினேழில் மெருகேற்றலாம், அடித்தளம் போடுவது கடினம். மெஸ்ஸி 13 வயதில் பார்சிலோனாவுக்குப் போனார் என்று உங்கள் மைத்துனர் சொன்னாராம். சரிதான். ஆனால் அங்கே போய் இறங்கும்போதே பந்து அவர் சொன்னபடி கேட்டது. அந்த வேலையை ரொசாரியோ நகரத்துத் திடல்கள் முன்பே முடித்திருந்தன.

"தாமதமாக வந்தவர்களும் உண்டே" என்பீர்கள். உண்டு. 24 வயதில் ஜேமி வார்டி இங்கிலாந்தின் தொழில்முறை லீக்குகளுக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தார். 2016-இல் லெஸ்டர் அணியோடு அந்நாட்டின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கினார். ஆனால் இடையில் யார் யாருக்குப் பணம் கொடுத்தார்கள் என்று பாருங்கள். 2012-இல் அவரை வாங்க லெஸ்டர் கிளப்தான் பத்து லட்சம் பவுண்டு கொடுத்தது. ஒரு பையனிடம் திறமையைக் கண்ட கிளப் அவனுக்காகச் செலவு செய்யும். அவன் அப்பாவிடம் 34 லட்சம் கேட்பவர் வேறு வியாபாரம் செய்கிறார்.

இன்னொன்றும் உண்டு. 18 வயதுக்குக் கீழே உள்ளவரை வேறு நாட்டு கிளப்பில் பதிவு செய்ய, சில விதிவிலக்குகள் தவிர, உலகக் கால்பந்தை ஆளும் ஃபிஃபா அனுமதிப்பதில்லை. இந்த விதியை மீறியதற்காகப் பார்சிலோனாவே 2014-இல் தண்டிக்கப்பட்டு, அடுத்தடுத்த இரண்டு வீரர் பரிமாற்றக் காலங்களில் புதிய வீரர்களைப் பதிவு செய்ய முடியாமல் நின்றது. அப்படியிருக்க, "வந்த மாதமே லீக் ஆட்டம்" என்று அந்தக் கையேடு எந்தத் துணிச்சலில் அச்சடித்திருக்கிறது?

பையனைப் பொறியியலில் சேர்க்கச் சொல்கிறாராம் அவன் பெரியப்பா; அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அதற்கு ஊரில் ஆளுக்கா பஞ்சம்? விளையாட்டு ஒதுக்கீடும் உங்களுக்குத் தெரிந்ததே.

நீங்கள் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். நாம் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகன் என் மேசையிலிருந்த பேனாக்களையும் காகித எடைகளையும் நகர்த்தி, பள்ளி அணி ஏன் அரையிறுதியில் தோற்றது என்று எனக்குக் காட்டினான். இடது பின்கள வீரன் ஐந்தடி முன்னால் நின்றதுதான் காரணமாம். அதைச் சொல்லும்போது அவன் குரலே மாறிவிட்டது. அப்போதுதான் அம்மா முதன்முறையாக வாயைத் திறந்தார். தினமும் மாலையில் இருபது சிறுவர்களைத் திடலில் சேர்த்து வைத்து ஆட்டம் சொல்லிக் கொடுக்கிறானாம். "படிக்கிற நேரத்தில் வெட்டி வேலை" என்றீர்கள் நீங்கள்.

அந்த வெட்டி வேலையை வைத்து ஐஸ்லாந்து என்ன செய்தது தெரியுமா? அப்போது மூன்றரை லட்சம் பேர்கூட இல்லாத நாடு. உள்ளரங்கத் திடல்களைக் கட்டி, சின்னக் குழந்தைகளுக்கும் உரிமம் பெற்ற, சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்களையே வைத்தது. 2016 யூரோ கோப்பையில் இங்கிலாந்தை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பியது. 2018-இல் உலகக் கோப்பையில் ஆடியது. அந்த அணியின் பயிற்சியாளர் ஹைமிர் ஹால்கிரிம்சன் ஒரு பல் மருத்துவர்! ஜெர்மனியின் யூலியான் நாகல்ஸ்மான் முழங்கால் காயத்தால் இருபது வயதில் ஆட்டத்தை விட்டார். எதிரணிகளைக் கவனித்துக் குறிப்பெழுதிக் கொடுக்கும் வேலையில் சேர்ந்து, 28 வயதில் ஹோஃபன்ஹைம் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார்.

இங்கேயும் அந்தப் படிக்கட்டு இருக்கிறது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் நடத்தும் தொடக்க நிலைப் பயிற்சி, அதற்கு மேல் 'டி' உரிமம். பிறகு ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் 'சி', 'பி', 'ஏ', எல்லாவற்றுக்கும் மேலே 'புரோ'. 'டி' சில நாள் வகுப்புதான், ஆனால் உட்கார்ந்து கேட்டுவிட்டு வர முடியாது. ஒரு பயிற்சி வேளையைத் திட்டமிட்டு எழுத வேண்டும், திடலில் நடத்திக் காட்ட வேண்டும், குறை சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போக, இடையில் உண்மையாகவே ஓர் அணியைப் பயிற்றுவித்திருக்க வேண்டும். தொடக்கப் படிகளின் கட்டணம் ஆயிரங்களில் முடிந்துவிடும். இந்த வழியில் வந்த காலித் ஜமீல், மிசோரமின் ஐஸ்வால் அணிக்கு 2017-இல் ஐ-லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். 2025-இல் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளரானார்.

உடன் ஒரு பட்டம் கட்டாயம். சென்னை நந்தனத்தில் 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது, மேலக்கோட்டையூரில் மாநில விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நல்ல கால்பந்து அணி உள்ள கலைக்கல்லூரி கிடைத்தாலும் எனக்குச் சம்மதம். மூன்று ஆண்டும் அவன் ஆடட்டும். எவ்வளவு தூரம் போகிறான் என்று திடலே சொல்லட்டும். முதலுதவிப் பயிற்சியும், ஆட்ட வீடியோவைக் கணினியில் துண்டு துண்டாக வெட்டி அலசும் பழக்கமும் இருந்தால் கிளப்புகளில் பேச்சு எடுபடும்.

மறைக்க மாட்டேன். முதல் சில ஆண்டுகள் சம்பளம் குறைவாகவே இருக்கும். உறவினர் திருமணத்தில் "பையன் என்ன செய்கிறான்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல உங்களுக்குச் சங்கடமாகவும் இருக்கும். அந்தச் சங்கடத்துக்கு 34 லட்சம் விலை கொடுக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. நிலத்தை அடமானம் வைப்பதில் நான் ஒரு ரூபாய்க்குக்கூட உடன்படவில்லை. பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

முன்பணம் கட்ட வருகிற வெள்ளிதான் கடைசி நாள் என்றீர்கள். கட்டாதீர்கள். மைத்துனர் கோபித்துக்கொண்டால் என்னிடம் பேசச் சொல்லுங்கள். அக்டோபரில் பையனுக்கு 18 முடிகிறது, 'டி' உரிம வகுப்புக்கு விண்ணப்பிக்கலாம். அதுவரை அந்த இருபது சிறுவர்களுக்கும் என்ன சொல்லிக் கொடுத்தான் என்று தினமும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது கையேட்டை விட்டுவிட்டு அந்த நோட்டை எடுத்து வாருங்கள்.