கழுத்து நெறிக்கு இரண்டாவது ஊசி எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. இடது கழுத்தில் இரண்டு மாதமாக நெறி கட்டியிருக்கிறது. ஆன்டிபயாட்டிக் மாத்திரைக்கு வற்றவில்லை. அரசாங்க மருத்துவமனையில் ஊசி குத்தி உறிஞ்சிப் பார்த்தார்கள். 'போதிய செல்கள் இல்லை' என்று ரிப்போர்ட் வந்தது. இப்போது பெரிய ஊசி போட வேண்டுமாம். ஊசி பட்டால் உள்ளே இருப்பது பரவிவிடும் என்று மாமியார் தடுக்கிறார். போகலாமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: போங்கள் அம்மா, தள்ளிப்போட வேண்டாம். ஊசி போன வழியாகப் புற்று பரவுவது மிக மிக அரிது. என்ன நோய் என்று தெரியாமல் மாதக்கணக்கில் பற்றுப் போட்டுக்கொண்டிருப்பதில்தான் ஆபத்து அதிகம். மாமியாரையும் ஒருமுறை டாக்டரிடம் கூட்டிப் போங்களேன், அவர் வாயால் கேட்டால் மனம் மாறலாம்.

முதலில் போட்டது மெல்லிய ஊசி. அதில் உதிரி செல்கள்தான் வரும், சில நேரம் அதுவும் வராது. அதனால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை. இப்போது சொல்வது கோர் பயாப்சி. 14 முதல் 18 கேஜ் (ஊசியின் பருமன் அளவு) வரையிலான ஊசி நூல் மாதிரி ஒரு சதைத் துணுக்கை வெட்டி எடுக்கும். செல்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று அதில்தான் தெரியும். லிம்போமா என்ற நெறிப் புற்றைக் கண்டுபிடிக்க இது முக்கியம். சிலருக்கு அதுவும் போதாமல் நெறியை முழுசாகவே எடுத்துப் பார்ப்பார்கள்.

எல்லா நெறியும் புற்று இல்லை. நம் மலேசியாவில் காசநோயை (டிபி) மறக்கவே கூடாது. இருமல் துளியும் இல்லாமல் கழுத்தில் மட்டும் வரும். துணுக்கு முழுவதையும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், அப்புறம் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, செய்ய முடியாது. அதனால் ஊசி போடும் முன்பே, "டாக்டர், டிபி கல்ச்சருக்கும் அனுப்புவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். கல்ச்சர் முடிவுக்கு 6 முதல் 8 வாரம் வரை ஆகலாம். டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை சில மணி நேரத்தில் முடியும். ஆனால் அதில் 'இல்லை' என்று வந்தாலும் டிபி இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மூக்கின் பின்பக்கத்தைக் குழாய் கேமராவில் பார்த்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. மூக்குத்தொண்டைப் புற்று பலருக்கு முதலில் கழுத்துக் கட்டியாகத்தான் தலைகாட்டும். சீனர்களிடம் அதிகம், நம் இந்தியர்களிடம் குறைவு. குறைவு என்பதற்காக விட்டுவிட வேண்டாம்.

வலிக்குப் பயப்பட வேண்டாம். மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே எடுப்பார்கள். 'டக்'கென்று சத்தம் வரும், அவ்வளவுதான். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். வார்ஃபரின், ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். வீக்கம் வற்றட்டும் என்று யாராவது ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் இப்போதைக்கு வேண்டாம். லிம்போமா தற்காலிகமாகச் சுருங்கி, பயாப்சி முடிவையே குழப்பிவிடும். காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ரிப்போர்ட் வாங்க வரவேண்டிய தேதியை அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.