கங்காணி நோட்டில் ஊர் இல்லை

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். போன மாதம் என் மகனைப் பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்கள். ஐந்து தலைமுறை வேண்டுமாம். கணவர் வீட்டுப் பக்கம் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. யார் எந்தக் கிணற்றை வெட்டினார் என்பது உட்பட மாமனார் மளமளவென்று சொல்லிவிட்டார். என் பக்கம் தாத்தாவோடு நின்றுபோனது.

நாங்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். தாத்தா 1972-இல் குடும்பத்தோடு வந்து கூடலூர் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அப்பாவும் பெரியப்பாவும் ஹட்டன் பக்கம் பிறந்தவர்கள். பெரியப்பா பெயர் கருப்பண்ணன் என்பதே இந்த மரத்துக்காக விசாரித்தபோதுதான் தெரிந்தது. வீட்டில் அவர் எப்போதும் 'சாமி'தான். அப்பாயிக்கு எண்பத்தாறு வயது, நல்ல நினைவோடு இருக்கிறார். ஆனால் தாத்தாவின் அப்பா பெயரைக் கேட்டால், "எனக்கென்ன தெரியும், கங்காணி கூட்டியாந்தாரு, வந்தாக" என்று எழுந்து போய்விடுகிறார். ஊர் எது என்றால் "திருச்சி ஜில்லா". தாத்தாவின் பழைய பாஸ்போர்ட்டில் இங்கிலீஷில் ஓர் ஊர்ப் பெயர் இருக்கிறது. மேப்பில் தேடினால் அப்படி ஓர் ஊரே வரவில்லை.

நான் பள்ளியில் வரலாற்றில் தொண்ணூறுக்குக் குறையாமல் வாங்கியவள். பிரெஞ்சுப் புரட்சி தெரியும், பானிப்பட்டுப் போர்கள் தெரியும். என் தாத்தாவை இங்கே கொண்டுவந்த ஒப்பந்தத்தைப் பற்றி முப்பத்தெட்டு வயதில்தான் படிக்கிறேன். "உங்க தாத்தாவுக்கு அப்பாவே இல்லையாம்மா?" என்று மகன் கேட்கிறான். வெட்கமாக இருக்கிறது. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

உங்கள் மகனின் பள்ளி கேட்டதை 1948-இல் ஓர் அரசாங்கமே கேட்டது. இலங்கை சுதந்திரம் வாங்கிய அதே வருடம் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த மண்ணில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. உங்கள் அப்பா அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அப்பாவைப் பெற்ற தாத்தாவும் அவரைப் பெற்ற கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து அறையில், மருத்துவச்சி கையில் பிறந்தவர்கள் எந்தக் காகிதத்தைக் காட்டுவது? காகிதம் இல்லாத சிங்களக் குடியானவர்களும் ஏராளமாக இருந்தார்கள். அவர்களிடம் யாரும் போய்க் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். 1947 தேர்தலில் தோட்டத் தமிழர்களின் கட்சியான இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1952-இல் ஒருவர்கூட இல்லை, ஓட்டுப் போட்டவர்களின் ஓட்டையே பறித்தாகிவிட்டது. இடையில் 1949-இல் இன்னொரு சட்டம் போட்டு, விண்ணப்பித்தால் பார்க்கலாம் என்றார்கள். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மனு போனது. கிடைத்தது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு.

ஆக, கொள்ளுத்தாத்தாவைக் காகிதத்தில் காட்ட முடியாமல் போனவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். இதில் நீங்கள் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இந்தக் காகிதம் ஏன் இல்லாமல் போனது என்பது தனிக் கதை. 1860-இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பல் போனது. அந்த ஒப்பந்தக் கூலிகளின் கொள்ளுப்பேரன்கள் இன்று டர்பனில் உட்கார்ந்துகொண்டு முன்னோரின் ஊரைத் தேடி எடுக்கிறார்கள். கப்பல் பட்டியலில் ஆளுக்கு ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் எழுதியிருக்கும். அங்கே ஐந்து வருட ஒப்பந்தம், அதற்கு அரசாங்கம் பொறுப்பு, அதனால் பதிவேடு. சிலோன் பக்கத்திலேயே இருந்தது. கங்காணி ஊருக்கு வந்து, தெரிந்தவர் வீடுகளில் முன்பணம் கொடுத்து, ஆட்களைச் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். கடல் தாண்டி, மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடை. காலராவில் வழியிலேயே விழுந்தவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

அந்த முறையில் எழுதி வைக்க வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், கடன். 'துண்டு' என்று ஒரு சீட்டு உண்டு, அப்பாயி கேள்விப்பட்டிருப்பார். இந்தக் கூட்டத்தின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பது. அடுத்த தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் ஆளோடு சேர்ந்தே நகரும். 1921-இல்தான் இதை ஒழித்தார்கள். சிலோனுக்கு ஆட்களை அனுப்பிய மண்டபம் முகாம் வழியாகப் போனவர்களுக்குக் கழுத்தில் ஒரு தகர வில்லையைக் கட்டிவிட்டார்கள். அதில் தோட்டத்துக்கான அடையாளமும் எண்ணும் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. சாமான் மூட்டையில் விலாசம் ஒட்டுகிற மாதிரிதான்.

இதை நான் நூலகத்தில் படித்ததோடு சொல்லவில்லை. எங்கள் ஊர் திருமயம் பக்கம். எங்கள் வீட்டில் 'கொழும்புத் தாத்தா' என்று ஒருவர் உண்டு, என் தாத்தாவின் அப்பா. வீட்டு முகப்பு அவர் காசில் எழும்பியது. கல்யாணத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் தேக்குத் தூண்களைக் காட்டி, கொழும்பில் 'யாவாரம்' என்பார்கள். சின்ன வயதில் நானும் அதையே சொல்லித் திரிந்தேன். அப்புறம் என் நாற்பதாவது வயதில், கூரை ஓடுகளை மாற்றும்போது பரணிலிருந்து ஒரு பெட்டி இறங்கியது. உள்ளே ஒரு கணக்கு நோட்டு, 1909-இலிருந்து 1913 வரை. தமிழ் எண்களில் எழுதியிருந்ததால் வாசிக்க ஒரு வாரம் பிடித்தது. பெயர், பற்று, வரவு. பெயர், பற்று, வரவு. முப்பது ரூபாய், நாற்பது ரூபாய். சிலருக்கு எதிரே வரவுப் பக்கம் கடைசி வரை காலி. நாற்பத்தொரு பெயர்கள், அதில் முத்துசாமி நாலு பேர், கருப்பண்ணன் மூன்று பேர். ஒருவருக்கும் ஊர் எழுதவில்லை. எழுதியவருக்கு எல்லோரையும் தெரியும், எதற்கு எழுதப் போகிறார்? யாவாரம் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. என் பக்கத்து மரத்தில் கட்டங்கள் எல்லாம் நிரம்பித்தான் இருக்கின்றன. அவற்றை நிரப்பிய கையே நாற்பத்தொரு வீட்டுக் கட்டங்களைக் காலியாக விட்டிருக்கிறது.

வரலாற்றில் நீங்கள் வாங்கிய தொண்ணூறைப் பற்றி. எனக்கும் அதே கதைதான். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைக் கடல் கொண்டதை எங்கள் பக்கத்தில் குழந்தைகூடச் சொல்லும். ஓடிய ரயில் போனது, துறைமுகம் போனது. அதற்கு இரண்டு மாதம்கூட முன்னால் இல்லை, அக்டோபர் 30 அன்று நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் உங்கள் தாத்தாவைக் கொண்டுவந்த அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். குடியுரிமை இல்லாமல் நின்ற 9,75,000 பேர் கணக்கு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் அதையும் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த 9,75,000 பேரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இந்த இரண்டு தேதிகளும் என் தலையில் ஒன்றாக உட்கார ஐம்பது வருடம் ஆயிற்று. தனுஷ்கோடி போனதால்தான் உங்கள் தாத்தா தலைமன்னாரில் கப்பல் ஏறி நேராக ராமேஸ்வரத்தில் இறங்கினார்.

இனி தேடுகிற வேலை. பாஸ்போர்ட்டில் உள்ள ஊரைச் சுலபத்தில் தள்ளிவிடாதீர்கள். அந்தப் பக்கம் சிலோனில் பிறந்ததை நிரூபி என்றார்கள். இந்தப் பக்கம் இந்தியக் குடியுரிமைக்கு, பெற்றோரோ தாத்தா பாட்டியோ இந்தியாவில் பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும், நம் அரசியல் சாசனத்தின் 8-ஆவது பிரிவு அப்படி. அதனால் அந்தப் பெயர் தாத்தா வாயிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். காதில் விழுந்ததை யாரோ ஒரு குமாஸ்தா இங்கிலீஷில் எழுதியிருப்பார். அந்த எழுத்துகளை நீங்கள் படிக்காமல் அப்பாயியிடம் நாலு விதமாகச் சொல்லிப் பாருங்கள், அவர் திருத்துவார். 'திருச்சி ஜில்லா' என்றதும் இன்றைய திருச்சியிலேயே தேடியிருப்பீர்கள். கரூர், குளித்தலை, பெரம்பலூர், உடையார்பாளையம் எல்லாம் அன்றைக்குத் திருச்சி ஜில்லா தாலுகாக்கள். 1974 வரை எங்கள் புதுக்கோட்டையும் அதற்குள்தான். பாஸ்போர்ட்டிலோ, சிலோனிலிருந்து வந்தபோது தாத்தாவுக்குக் கொடுத்த குடும்ப அட்டையிலோ தாலுகா பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அட்டையைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள், ரேஷன் கார்டோடு சேர்த்து எங்காவது மடித்து வைத்திருப்பார்கள்.

அப்புறம், உங்கள் கடிதத்திலேயே ஒரு துப்பு இருக்கிறது. அப்பாவின் அம்மாவை 'அப்பாயி' என்கிறீர்கள். மதுரைப் பக்கமாக இருந்தால் அப்பத்தா, திருநெல்வேலி என்றால் ஆச்சி. அப்பாயி திருச்சி, கரூர், புதுக்கோட்டைப் பக்கத்துச் சொல். லயத்தில் பல ஊர்க்காரர்கள் கலந்து இருந்தார்கள், அதனால் இதை மட்டும் நம்பி பஸ் ஏறிவிடாதீர்கள். தோட்டத்தில் என்ன கூத்து ஆடினார்கள் என்று கேளுங்கள். பொன்னர் சங்கர் என்றால் அது மணப்பாறை பக்கத்து வீரப்பூர்க் கதை, அந்தப் பக்கத்து ஜனங்கள் அங்கே நிறைய இருந்திருப்பார்கள். வீட்டுச் சாமி எது, அதற்குப் பிடிமண் எங்கிருந்து எடுத்துப் போனார்கள் என்றும் கேளுங்கள். காளி, முனி என்று பொதுவாகச் சொன்னால் விடாதீர்கள், எந்த ஊர்க் காளி என்று கேளுங்கள். கங்காணியின் பெயரையும் கேளுங்கள். பெரும்பாலும் அவர் தன் ஊரிலும் அக்கம்பக்கத்திலும்தான் ஆள் பிடித்திருப்பார். அவர் பெயர் திருமயம் பக்கத்தைக் காட்டினால் எனக்குத் தனியாக எழுதுங்கள், நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

கடைசியாக, அந்தக் காலிக் கட்டம். எண்பத்தாறு வயதில் நல்ல நினைவோடு இருக்கும் அப்பாயிக்கு மாமனார் பெயர் தெரியாது என்று நான் நம்பவில்லை. அந்தத் தலைமுறைப் பெண்கள் புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் வாயால் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் எழுந்து போகிறார். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது நம் பக்கத்து வழக்கம், பெயரன்தானே பேரன் ஆனது. அப்படி வைத்த பிள்ளையைப் பெற்ற தாயாலேயே பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. அந்தப் பெயரைச் சொல்லித் திட்டவும் முடியாது. அதனால் ஐயா என்பார்கள், இல்லையென்றால் சாமி என்பார்கள்.

மகனிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து, தாத்தாவுக்கு மேலே உள்ள கட்டத்தில் உங்கள் பெரியப்பாவின் பெயரை, 'கருப்பண்ணன்' என்று எழுதச் சொல்லுங்கள். அதை அப்பாயி முன்னால் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தப்பாக இருந்தால் உடனே மறுத்துவிடுவார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார்.